ஜீப் முன் சக்கரத்தில் லாக்கிங் ஹப் இறுகிப்போனால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கடலூர், புதுச்சேரி பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மஹிந்திரா ஜீப்புகளிலும் மாருதி ஜிப்ஸிகளிலும் பலவற்றில் முன் சக்கரத்தின் நடுவே ஒரு வட்ட டயல் இருக்கும். ஒரு பக்கம் ஃப்ரீ, மறுபக்கம் லாக். முன் சக்கரத்தை இன்ஜின் இழுவையோடு சேர்க்கவும் பிரிக்கவும் செய்யும் லாக்கிங் ஹப்பின் டயல் அது. வருஷத்தில் பெரும்பாலான நாள் அதை யாரும் தொடுவதில்லை. ஐப்பசி மழை பிடித்து, பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புச் செம்மண்ணில் வண்டி அச்சு வரைக்கும் இறங்கின பிறகுதான் நினைவுக்கு வரும். அப்போது திருப்பினால் அசையாது. உடனே பைப் ரெஞ்சைத் தேடுவார்கள். டயலின் காது உடைவது அங்கேதான்.

தயவுசெய்து பைப் ரெஞ்ச் வேண்டாம், பிளையரும் வேண்டாம். இந்த டயல் கைவிரலால் திருப்புவதற்காகவே செய்தது. கைக்கு வரவில்லையென்றால் உள்ளே எங்கோ காரணம் இருக்கிறது. அது டயலிலேயே இருக்கலாம், டயலுக்குப் பின்னால் உள்ள கிளட்ச் வளையத்தில் இருக்கலாம், அல்லது ஹப்பில் ஒரு குறையும் இல்லாமல் ஆக்ஸில் ஷாஃப்ட் முறுக்கேறி நிற்கலாம். மூன்றுமே கைக்கு ஒரே மாதிரிதான் தெரியும், வைத்தியம் மட்டும் வேறு வேறு. எது என்று கண்டுபிடித்துவிட்டால் வேலையில் பாதி முடிந்தது.

உள்ளே இருப்பது இவ்வளவுதான். முன் ஆக்ஸில் ஷாஃப்ட்டின் முனை சக்கரத்தின் நடுவழியாக வெளியே வருகிறது. அந்த முனையில் பல் வெட்டிய உள்வளையம் ஒன்று உட்கார்ந்திருக்கும், சர்க்ளிப் என்ற வாய் திறந்த ஸ்பிரிங் வளையம் அதைப் பிடித்திருக்கும். ஹப்பின் வெளிக்கூடு சக்கரத்தோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையில் முன்னும் பின்னும் நகரும் கிளட்ச் வளையம். லாக் என்று திருப்பினால் அது உள்வளையத்தின் பல்லோடு போய்க் கோத்துக்கொள்ளும், ஷாஃப்ட்டும் சக்கரமும் ஒன்றாகச் சுற்றும். ஃப்ரீ என்று திருப்பினால் விலகிக்கொள்ளும், சக்கரம் தனியாக உருளும். வளையத்தை நகர்த்துவது பெரும்பாலும் ஒரு ஸ்பிரிங். லாக் போட்ட நேரத்தில் பல்லுக்குப் பல் நேராக நின்றால் வளையம் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் காத்திருந்து, சக்கரம் கொஞ்சம் உருண்டதும் 'டக்'கென்று விழும்.

வேக்குவத்தால் தானாக லாக் ஆகும் ஹப் உள்ள வண்டிகளுக்கு இங்கே சொல்வது பொருந்தாது. அவற்றில் முதலில் பார்க்க வேண்டியது ரப்பர் குழாய்களை.

லாக்கில் இருக்கிறது, ஃப்ரீக்கு வர மாட்டேன் என்கிறது

ஹப்பைக் கழற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள், ஸ்பேனரே எடுக்காமல் முடியக்கூடிய வேலை. சேற்றிலிருந்து ஏறி வந்து, ஃபோர் வீல் லிவரை (இன்ஜின் இழுவையை முன் ஆக்ஸிலுக்கும் அனுப்பும் லிவர்) எடுக்காமல் தார் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டியிருப்பீர்கள். இந்தப் பழைய வண்டிகளில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே டிஃபரென்ஷியல் (இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு) கிடையாது. வளைவில் முன் சக்கரம் ஓடும் தூரம் வேறு, பின் சக்கரம் ஓடும் தூரம் வேறு. மண்ணில் என்றால் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்காது, எல்லாம் ஷாஃப்ட்டில் முறுக்காக ஏறும். அந்த முறுக்கு கிளட்ச் வளையத்தின் பல்லை இறுக்கிக் கடித்து வைத்திருக்கும்போது எவ்வளவு பலமாகத் திருப்பினாலும் அது விலகாது.

லிவரை டூ வீலுக்குக் கொண்டுவாருங்கள். லிவரும் பிடிவாதமாக நின்றால் அதுவே முறுக்கு ஏறியிருப்பதற்கு அடையாளம். ஸ்டியரிங்கை நேராக வைத்து மூன்று நாலு மீட்டர் ரிவர்ஸில் போங்கள். நிறுத்தி, இறங்கி, டயலைத் திருப்பிப் பாருங்கள். வரவில்லையென்றால் முன்னும் பின்னும் இன்னொரு தடவை. அப்படியும் வரவில்லையென்றால் ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்குங்கள். சக்கரம் தரையை விடும்போது முறுக்கு படாரென்று அவிழ்ந்து சக்கரம் உதறும், அந்த நேரத்தில் கை அருகில் இருக்கக் கூடாது. பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்த பிறகே தூக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

சக்கரம் தூக்கியும் டயல் அசையவில்லையா? சரி, அப்படியானால் கோளாறு ஹப்புக்குள்தான்.

டயல் எந்தப் பக்கமும் அசையவில்லை

நம் ஊரில் அதிகம் பார்ப்பது இதைத்தான். காரணம் உப்புக் காற்று. தேவனாம்பட்டினம், தாழங்குடா, வீராம்பட்டினம் என்று கடலோரத்திலேயே நிற்கும் வண்டியில் டயலுக்கும் கவருக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளியில் வெள்ளையாகப் பூத்திருக்கும். அது அலுமினியம் அரித்த பொடி. அரித்த அலுமினியம் பெருக்கும், பெருத்ததும் டயலை நெரித்துக்கொள்ளும். கூடவே மணலும் காய்ந்த கிரீஸும் சேர்ந்தால் சிமென்ட் வைத்துப் பூசியதைப் போல் இறுகிவிடும்.

பழைய டூத் பிரஷ்ஷால் டயலைச் சுற்றியுள்ள அழுக்கை எடுங்கள். துரு இளக்கும் ஸ்ப்ரேயை அந்த இடைவெளியில் சுற்றிலும் அடித்து, ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். அவசரப்படுவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை, எண்ணெய் உள்ளே இறங்க நேரம் எடுக்கும். காலையில் ஸ்க்ரூ டிரைவரின் மரக் கைப்பிடியால் டயலின் விளிம்பைச் சுற்றி மெதுவாகத் தட்டிக்கொண்டே, விரலால் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஆட்டுங்கள். ஒரு நூல் அசைந்தால்கூடப் போதும், இன்னொரு தடவை ஸ்ப்ரே அடித்து ஆட்ட ஆட்ட வந்துவிடும். கொதிக்கிற வெந்நீரை ஊற்றிப் பார்ப்பதும் உண்டு, அதில் தவறில்லை. கேஸ் பர்னர் மட்டும் வேண்டாம். உள்ளே ரப்பர் ஓ ரிங் இருக்கிறது, கிரீஸும் இருக்கிறது.

டயல் வந்துவிட்டது என்று அதோடு விட்டுவிடாதீர்கள். உப்பு டயலோடு நின்றிருக்காது. கவரைக் கழற்றிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு அதே கதைதான். எப்படிக் கழற்றுவது என்று பின்னால் சொல்கிறேன்.

டயல் பாதியில் நிற்கிறது

பாதியில் நிற்கும் டயலைச் சிலர் அப்படியே விட்டு ஓட்டுகிறார்கள். அதைச் செய்யவே கூடாது. பல்லின் நுனி மட்டும் கோத்த நிலையில் முழு இழுவையும் அந்த நுனிமேல் விழுந்து, பல் மழுங்கிப்போகும். முதலில் வண்டியை ஒரு அடி முன்னால் தள்ளிவிட்டுத் திருப்பிப் பாருங்கள், பல்லுக்குப் பல் இடித்து நின்றிருந்தால் அதிலேயே போய்விடும்.

போகவில்லையென்றால் பெரும்பாலும் கிரீஸ்தான் காரணம், அதுவும் கிரீஸ் இல்லாததால் அல்ல, அதிகமானதால். வீல் பேரிங்குக்கு கிரீஸ் வைக்கிறவர்கள் நல்ல எண்ணத்தில் ஹப்பையும் நிறைய நிரப்பி மூடிவிடுவார்கள். கிளட்ச் வளையம் நகர்வதற்கு இடம் வேண்டும். இடமெல்லாம் கிரீஸ் அடைத்திருந்தால் அது எங்கே போகும்? வேறு வேறு வகை கிரீஸை ஒன்றின்மேல் ஒன்று வைத்திருந்தாலும் இதே தொல்லை வரும். சில வகைகள் ஒன்றோடு ஒன்று சேராது, எண்ணெய் தனியே பிரிந்து ஓடி, மிச்சம் மெழுகு மாதிரி நின்றுவிடும்.

டயல் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் முன் சக்கரம் இழுக்கவில்லை

லிவரைப் போட்டாயிற்று, ஹப்பும் லாக், ஆனாலும் பின் சக்கரம் மட்டும் மண்ணை வாரி இறைக்கிறது. இதில் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். இரண்டு ஹப்பில் ஒன்று கோக்காவிட்டாலும் முன் ஆக்ஸில் முழுக்கவே இழுக்காது. முன்னால் உள்ள டிஃபரென்ஷியல் சுளுவாகச் சுற்றுகிற பக்கத்துக்கே எல்லா ஓட்டத்தையும் அனுப்பிவிடும். அந்தப் பக்க ஷாஃப்ட் ஹப்புக்குள் வெறுமனே சுற்றும், நல்லபடியாகக் கோத்திருக்கிற மறுபக்கச் சக்கரம் சும்மா நிற்கும். அதனால் 'வலது பக்கம் இழுக்கவில்லை' என்று பார்த்துவிட்டு வலது ஹப்பைப் பிரிப்பது வீண் வேலையாகலாம்.

எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கம் இரண்டு சக்கரமும் தரையை விடுமளவு தூக்கி, ஆக்ஸிலுக்குக் கீழே ஸ்டாண்ட் வையுங்கள். செங்கல் அடுக்கி நிறுத்தாதீர்கள். இன்ஜின் ஆஃப், சாவி உங்கள் சட்டைப் பையில். இந்த நிலையில் யாராவது இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் பின் சக்கரம் தரையில் பிடித்து வண்டி ஸ்டாண்டிலிருந்து குதித்துவிடும். லிவரை ஃபோர் வீலில் போட்டு, கியரை முதல் கியரில் வையுங்கள். இரண்டு ஹப்பையும் லாக்கில் திருப்புங்கள்.

இப்போது வலது சக்கரத்தைக் கையால் முன்பக்கமாகச் சுற்றுங்கள். இரண்டு ஹப்பும் கோத்திருந்தால் இடது சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் இரண்டில் ஒன்று கோக்கவில்லை. இடது ஹப்பின் கவரைக் கழற்றி, உள்ளே ஷாஃப்ட்டின் முனையைப் பார்த்துக்கொண்டே வலது சக்கரத்தை இன்னொருவரைச் சுற்றச் சொல்லுங்கள். இடது ஷாஃப்ட் முனை சுற்றினால் வலது ஹப் நன்றாக இருக்கிறது, கோளாறு இடதில். முனை அசையாவிட்டால் சந்தேகம் வலது பக்கம் போகிறது. அப்போது வலது கவரையும் கழற்றி, கிளட்ச் வளையம் பல்லில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது ஒழுங்காக உட்கார்ந்து, வலது ஷாஃப்ட் முனையும் சக்கரத்தோடு சேர்ந்தே சுற்றி, அப்படியும் இடது ஷாஃப்ட் அசையவில்லையென்றால் ஹப்பை விட்டுவிடுங்கள். உள்ளே ஷாஃப்ட்டோ ஜாயின்டோ உடைந்திருக்கிறது, அது பெரிய வேலை.

ஹப் ஃப்ரீ ஆகிறதா என்று பார்க்கவும் இதே முறைதான். இரண்டையும் ஃப்ரீயில் வைத்துச் சுற்றினால் பேரிங்கின் சத்தம் மட்டும் கேட்டு, சக்கரம் லேசாக உருள வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கனமாகச் சுற்றினால் அந்தப் பக்க வளையம் இன்னும் விலகவில்லை. டயலில் ஃப்ரீ என்று காட்டுவதை நம்ப முடியாது, டயல் திரும்பியிருந்தாலும் வளையம் ஒட்டிக்கொண்டே இருக்கலாம். பிரேக் உரசினாலும் சக்கரம் கனக்கும், அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபோர் வீலில் கடகடவென்று சத்தம்

கேட்ட உடனே நிறுத்துங்கள். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது நேர்ப்பாதையிலேயே கடகடவென்று வந்தால் பல் கோத்துக் கோத்து நழுவுகிறது என்று அர்த்தம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் மட்டும் டக் டக் என்று வந்தால் அது பெரும்பாலும் ஆக்ஸில் ஜாயின்ட். நழுவுகிற ஹப்பில் பல்லின் ஓரம் உருண்டையாகத் தேய்ந்திருக்கும், விரல் நகத்தை வைத்து இழுத்தாலே தெரியும். தேய்ந்த பல்லை அரத்தால் ராவிச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மேற்பரப்பில் கடினப்படுத்திய இரும்பு அது, ராவினால் மென்மையான உள்பகுதி வெளியே வந்து சீக்கிரமே தேய்ந்துவிடும். மாற்றத்தான் வேண்டும்.

டயல் பிடிப்பே இல்லாமல் வட்டமாகச் சுற்றினாலும் மாற்று ஒன்றே வழி, உள்ளே கேம் (டயலின் சுற்றலை வளையத்தின் நகர்வாக மாற்றும் பாகம்) உடைந்திருக்கும்.

ஹப்பிலிருந்து ஒழுகுகிறது

விரலில் தொட்டுப் பாருங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் நுழைந்திருக்கிறது. கறுத்த மெல்லிய எண்ணெயாக, கியர் ஆயில் வாடை அடித்தால் அது ஆக்ஸில் குழாயிலிருந்து வருகிறது. உள் ஆயில் சீல் போயிருக்கிறது, ஹப்பை எத்தனை முறை துடைத்தாலும் நிற்காது.

தண்ணீர் நுழைவதற்கு வண்டி முழுக்க மூழ்க வேண்டியதில்லை. ஓடிச் சூடான ஹப்பைத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கிற காற்று குளிர்ந்து சுருங்கும். சுருங்கும்போது பழைய ஓ ரிங் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். 2015 வெள்ளத்திலும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை பெருக்கெடுத்தபோதும் இடுப்பளவுத் தண்ணீரில் ஆட்களை ஏற்றி இறக்கினதில் இந்த மாதிரி வண்டிகளுக்கு ஒரு பங்கு உண்டு. அப்படி உழைத்த வண்டிக்குத் தண்ணீர் வடிந்த வாரத்திலேயே ஹப்பைத் திறந்து பார்ப்பதுதான் நியாயம். தாமதித்தால் தண்ணீர் வீல் பேரிங்குக்கும் போகும், அப்புறம் செலவு ஹப்போடு நிற்காது.

கழற்றுவதும் சுத்தம் செய்வதும்

டயலை ஃப்ரீக்குக் கொண்டுவர முடிந்தால் கொண்டுவந்துவிட்டுத் தொடங்குங்கள். கவரைப் பிடிக்கும் போல்ட்டுகள் பெரும்பாலும் ஆறு. சிலதில் ஸ்பேனர் தலை, சிலதில் ஆலன் கீ. அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட் இறுகியிருந்தால் ஒரே மூச்சில் திருகாதீர்கள், முறியும். கால் சுற்று கழற்றி, திரும்ப எட்டில் ஒரு பங்கு முடுக்கி, எண்ணெய் விட்டு, இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவாருங்கள். கவர் ஒட்டிக்கொண்டிருந்தால் ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினால் போதும். ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் கேஸ்கட் உட்காரும் பரப்பில் கீறல் விழும், அந்தக் கீறல்தான் நாளைக்குத் தண்ணீர் வரும் வழி.

கழற்றக் கழற்ற ஒவ்வொரு பாகத்தையும் பழைய செய்தித்தாளில் வரிசையாக வையுங்கள், எந்தப் பக்கம் வெளியே பார்த்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கும் கிளட்ச் வளையமும் தலைகீழாகப் பொருத்தினாலும் கவர் மூடிக்கொள்ளும், வேலை மட்டும் செய்யாது. ஷாஃப்ட் முனையில் உள்ள சர்க்ளிப்பை அதற்கான பிளையரால் எடுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சில ஷாஃப்ட்டுகளின் முனையில் மரையுள்ள துளை இருக்கும். அதில் ஒரு போல்ட்டை மாட்டி வெளியே இழுத்துப் பிடித்தால் சர்க்ளிப் சுலபமாக வரும், திரும்பப் போடும்போதும் அப்படித்தான். வளைந்த, தளர்ந்த சர்க்ளிப்பைத் திரும்பப் போடாதீர்கள்.

எல்லாவற்றையும் டீசலில் ஊறவைத்து பிரஷ்ஷால் தேயுங்கள். மண்ணெண்ணெய் இருந்தாலும் சரி. பெட்ரோல் வேண்டாம், ஒரு பொறி போதும். வெளிக்கூட்டின் உள்பக்கம் கிளட்ச் வளையம் வழுக்கிப் போகும் நீளப் பள்ளங்களைத்தான் நன்றாகக் கவனிக்க வேண்டும். துருப் பொட்டுகள் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில்தான் உட்காரும், வளையம் தடுக்குவதும் அங்கேதான். நைஸ் எமரி பேப்பரை மடித்து, பள்ளத்தின் நீளவாக்கிலேயே லேசாகத் தேய்த்து எடுங்கள். துடைத்து, வெயிலில் காயவைத்து, எண்ணெய் கிரீஸ் ஒன்றும் இல்லாமல் வளையத்தைக் கூட்டுக்குள் போட்டுப் பாருங்கள். தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். விரலால் தள்ளினால்தான் போகிறது என்றால் தேய்க்க வேண்டிய இடம் இன்னும் பாக்கி இருக்கிறது.

அப்புறம் கிரீஸ். வீல் பேரிங்குக்குப் போடும் அதே லித்தியம் கிரீஸ் போதும், விரலில் தொட்டுப் பல்லும் பள்ளமும் பளபளக்கும் அளவுக்கு மட்டும். டயலின் ஓ ரிங்கை எப்படியும் புதிதாகப் போடுங்கள். சில ரூபாய் சாமான் அது. டயல் கழுத்தில் கிரீஸை மெல்லியதாகப் பூசி உட்காரவைத்தால் உப்பு உடனே ஏறாது.

வெளிக்கூட்டைச் சக்கரத்தோடு பிடிக்கும் போல்ட்டுகள் வேறு, கவர் போல்ட்டுகள் வேறு. முன்னதில் ஃபோர் வீல் இழுவை முழுவதும் விழுகிறது. மரையைச் சுத்தமாகத் துடைத்து, மரைப் பசை வைத்து, வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, கொஞ்ச தூரம் ஓட்டிவந்து திரும்ப ஒருமுறை பாருங்கள். தளர்ந்த போல்ட் ஒன்று முறிந்தால் மற்றவையும் வரிசையாக முறியும். கவர் போல்ட்டுகள் சின்னவை, குறுக்குக் குறுக்காகச் சமமாக முடுக்கினால் போதும், பலம் காட்ட வேண்டாம். கவரை மூடும்போது டயல் ஃப்ரீயில் இருக்க வேண்டும்.

மூடியதும் ஸ்டாண்டிலேயே வைத்து முன்னே சொன்ன சோதனையை இரண்டு நிலையிலும் செய்துவிட்டுத்தான் சக்கரத்தை இறக்க வேண்டும்.

திரும்ப இறுகாமல் இருக்க

மாதம் ஒருமுறை இரண்டு ஹப்பையும் லாக்கில் போட்டு, லிவரை டூ வீலிலேயே வைத்து, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்ப ஃப்ரீ செய்யுங்கள். தார் ரோட்டிலும் இதனால் கெடுதல் இல்லை. ஷாஃப்ட், டிஃபரென்ஷியல், ஜாயின்ட் எல்லாம் சுற்றி, எண்ணெய் ஏறும். ஒரு பக்கம் லாக், மறுபக்கம் ஃப்ரீ என்று மறதியாக விட்டுவிடாதீர்கள். கடற்கரைப் பக்கம் போய் வந்தால் நல்ல தண்ணீரில் ஹப்பைக் கழுவுங்கள். வீட்டு போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவுவதற்கு ஈரத்துணியால் துடைப்பதே மேல். வாட்டர் சர்வீஸில் பிரஷர் பைப்பை டயலுக்கு நேரே பிடிக்க விடாதீர்கள். பெரிய சுத்தம் புரட்டாசியில், மழைக்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

மாற்று ஹப் வாங்கும்போது

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடலாம். போகும்போது பழைய ஹப்பைக் கையில் எடுத்துப் போங்கள். வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குவது நம்பகமில்லை, ஒரே பெயர் வண்டியில் ஷாஃப்ட் முனையின் பல் எண்ணிக்கை மாறியிருக்கும். பல்லை எண்ணுங்கள், போல்ட் துளைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். பழைய சாமான் என்றால் அங்கேயே கவரைத் திறக்கச் சொல்லி பல்லின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். திறந்து காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

பொருத்தமான ஹப் கிடைக்கும் வரை வண்டி நிற்க வேண்டியதில்லை. பல மஹிந்திரா ஜீப்புகளில் ஹப்புக்குப் பதில் வெறும் இரும்பு பிளேட்டே இருக்கும், அது சக்கரத்தையும் ஷாஃப்ட்டையும் நிரந்தரமாகக் கோத்து வைக்கும். அதே பல், அதே துளை உள்ள ஜோடி கிடைத்தால் போட்டு ஓட்டலாம். டூ வீலில் போகும்போதும் முன் ஷாஃப்ட் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும், அதனால் டீசல் கொஞ்சம் கூடுதலாகப் போகும், ஸ்டியரிங்கும் சற்றுக் கனக்கும். மழைக்காலத்தில் வேலைக்குப் போகும் வண்டிக்கு, எப்போது நழுவும் என்று தெரியாத ஹப்பைவிட நான் அந்த பிளேட்டையே போடச் சொல்வேன்.